போப்பா மலைக்குப் போன ஒன்பது பேர்

1996 அக்டோபர் 12, சனிக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். தூறல், காற்று இல்லை, மலையின் மேல் பாதியைக் காணோம். போப்பா மலை அடிவாரத்தில் பிக்கப் வண்டி நின்றதும், முன்னிருக்கையில் எனக்கும் டிரைவருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு வந்த என் மாப்பிள்ளை இறங்கி, காணாமல் போயிருந்த அந்த மேல் பாதியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு டிரைவரிடம் திரும்பி, சர்க்கரை வியாதிக்கு மருந்தாகும் வேர் எந்தப் பக்கம் விளைகிறது என்று விசாரித்தார். டிரைவர் இருக்கிற நான்கு திசைகளில் மூன்றைக் காட்டினார். மாப்பிள்ளைக்கு அது திருப்தியாக இருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன். ஐம்பது நிமிடம் தாமதம்.

மாப்பிள்ளை என்றால் என் ஒரே தங்கையின் கணவர். ரங்கூனை ஒட்டிய தாகேதாவில், பாலத்தின் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தார். ஆறு மேசை, இருபத்து மூன்று முக்காலி, அவற்றில் நான்கு ஆடும். நான் போகும்போதெல்லாம் ஆடுகிற முக்காலிதான் எனக்கு வாய்க்கும். ஓயாமல் பேசுவார். வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் சொல்லும் வைத்தியத்தையும் தவறாமல் செய்து பார்ப்பார். பாகற்காய்ச் சாறு, வேப்பங்கொழுந்து, ஊறவைத்த வெந்தயம் என்று ஏழு வருடத்தில் பத்தொன்பது வைத்தியம் எனக்குத் தெரிந்தே ஆகியிருந்தது. இருபதாவதாக யாரோ ஒரு பஸ் கண்டக்டர், போப்பாவின் எரிமலை மண்ணில் விளையும் ஒரு வேரைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனான். அன்று முதல் வேறு பேச்சில்லை. நான் சேர்ந்திருந்த மலையேற்றக் கழகம் போப்பாவுக்குப் போகிறது என்று வாய் தவறிச் சொன்னதுதான் என் முதல் பிழை.

அந்தக் கழகத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முப்பத்தொரு வருடம் ரங்கூன் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலில் ஏறும் அரிசி மூட்டைகளை எண்ணுவது என் வேலை. நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு, ஆக ஐந்து. ஓய்வு பெற்ற பிறகு எண்ண ஒன்றும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து முழங்கால் பிடித்துக்கொண்டது. நடங்கள் என்றார் டாக்டர். நடப்பதற்கு ஒரு கூட்டம் இருக்கிறது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். போய்ச் சேர்ந்தேன். பதிவேட்டில் நாற்பத்திரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர். ரங்கூனில் மலை கிடையாது. ஆகையால் இந்த வீரர்கள் படகேறி அக்கரையில் இருக்கும் டாலாவுக்குப் போய், முதுகுப் பையில் ஆளுக்கு ஆறு செங்கல்லை வைத்துக்கொண்டு வயல் வரப்பில் வரிசையாக நடப்பார்கள். உலகத்திலேயே அதைவிடத் தட்டையான இடம் இருக்காது. டாலாவின் சைக்கா என்ற சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே வண்டியை நிறுத்துவார்கள். சிரித்ததில் தவறில்லை.

இதற்குத் தலைவர் ஒருவர். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற பர்மியர். எல்லோரும் அவரைச் சாயாஜீ என்றுதான் அழைப்போம். பெரிய வாத்தியார் என்று பொருள். கழுத்தில் இரண்டு விசில் தொங்கும். இரண்டாவது எதற்கு என்று கேட்டதற்கு, முதலாவது கெட்டுப்போனால் உதவும் என்றார். பதினேழு மலை ஏறியிருப்பதாகச் சொல்லிக்கொள்வார். அவர் கதைகளை வைத்து நான் போட்ட கணக்கில் பதினொன்றுதான் தேறியது. அதிலும் மூன்று, ஒரே மலையின் மூன்று பெயர்கள். மனிதர் கெட்டவரில்லை. ஆனால் நுரையீரலைப் பற்றி அரைமணி நேரம் மூச்சு விடாமல் பேசக்கூடியவர். இப்படிப்பட்டவரின் பின்னால் செத்துப்போன எரிமலை ஒன்றின் மேல் ஏறுவதற்காக, ஒரு இரவு முழுவதும் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போக ஆள் கிடைக்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அந்த ஆட்களில் நானும் ஒருவன் என்பது வேறு.

புறப்படுவதற்கு முதல் நாள் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். வாசற்படி ஏறும்போதே ஆரம்பித்துவிட்டாள். "அண்ணே, அவரு சொன்னா கேக்க மாட்டாரு. சுகர் எறங்குச்சுன்னா ஒக்காந்த எடத்துலயே ஒக்காந்திருவாரு. காலுல ஒரு கீறல் படக் கூடாதுன்னு டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. அங்க எனக்கு ஒன்னையத் தவிர யாரையும் தெரியாது." பத்து மிட்டாய்களை ஒரு காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்தச் சொல்லைத்தான் நான் கொடுத்தேன். புறப்படும்போது வேறு ஒன்றும் என்னிடம் ஒப்படைக்கப்படவில்லை.

ரங்கூன் பஸ் நிலையத்திலேயே தகராறு தொடங்கிவிட்டது. வழியில் சோதனைச் சாவடிகளில் கொடுப்பதற்குப் பெயர்ப் பட்டியலை ஐந்து பிரதி எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்த சாயாஜீயின் முகம் மாறியது.

"எட்டா இருந்தோம், டாலி சாயா. உங்க மச்சானைக் கூட்டி வந்து ஒன்பதாக்கிட்டீங்க."

ஒன்பது பேராகப் பயணம் போனால் ஒருவர் திரும்ப மாட்டார் என்பது இந்த ஊரில் படித்தவரும் நம்புகிற விஷயம். அதற்குப் பரிகாரமும் உண்டு. ஒரு கல்லைப் பொறுக்கி, மௌங் கியாக் என்று பெயரிட்டு, அதாவது கல் தம்பி என்று, பத்தாவது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். போய்த் திரும்பும்வரை அது ஆள்தான். பத்து வருடம் வங்கியில் பணத்தை எண்ணிக் கொடுத்த ஓர் அம்மாள், இரட்டைப் பட்டம் பெற்ற ஒரு மருந்துக் கடைக்காரர் உட்பட அத்தனை பேரும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கல் தேடினார்கள். தேடிக் கொண்டுவந்தது என் மாப்பிள்ளை. சாக்கடை ஓரத்தில் கிடந்த, ஒரு தேங்காய் அளவுக் கல்.

"நல்ல ஆளு, மச்சான். டீ கேக்க மாட்டான், கடன் சொல்ல மாட்டான், அரசியலும் பேச மாட்டான்" என்றார் என்னிடம். மற்றவர்களுக்கு அதையே பர்மிய மொழியில் சொல்ல, அரசியல் என்ற இடத்தில் மட்டும் எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

வங்கி அம்மாள் அந்தக் கல்லைக் கழுவித் துடைத்து, ஒரு துண்டில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டார். அதற்கும் ஒரு சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டார்கள். நான் மூட்டை எண்ணியவன். இருபதாயிரம் மூட்டைக்கு ஒரு மூட்டை குறைந்தால் இரவு முழுவதும் கிடங்கில் நின்று தேடியவன். ஒரு கல்லை ஆள் என்று எண்ண என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். பட்டியலில் அதன் பெயரை எழுதவும் மறுத்தேன்.

மலை ஏறும்போது சாயாஜீ அரைமணிக்கு ஒருமுறை விசில் அடித்து ஆள் எண்ணினார். கழகத்தின் வழக்கம் இது: வரிசையில் முதலில் நிற்பவர் "ஒன்று" என்று கத்த, அடுத்தவர் "இரண்டு" என்று கத்த, இப்படிக் கடைசிவரை போகும். வங்கி அம்மாள் தன் எண்ணைச் சொன்ன கையோடு, பையைத் தட்டி, கொஞ்சம் மெல்லிய குரலில் கல்லின் எண்ணையும் சொல்வார். கடைசியில் "பத்து" என்று வரும். உடனே நான், ஒவ்வொரு தலையாக விரலை நீட்டி எண்ணி, "ஒன்பது" என்று உரக்கச் சொல்வேன். முதல் தடவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் தடவை சிரிப்பு வந்தது. ஐந்தாம் தடவை மருந்துக் கடைக்காரர், "டாலி சாயா, மௌங் கியாக்குக்கு உங்க மேல வருத்தம்" என்றார். மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து, "ஒத்துக்கிட்டாத்தான் என்ன மச்சான்? கல்லு ஒங்களுக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு?" என்றார். எண்ணிக்கை என்றால் எண்ணிக்கை என்றேன்.

உச்சியில் பார்க்க ஒன்றும் இல்லை. நாலேமுக்கால் மணி நேரம் ஏறி, சேற்றில் எட்டு இடத்தில் வழுக்கி, மேகத்தின் உள்ளே போய் நின்றோம். ஒருபுறம் உடைந்த கிண்ணம் போல எரிமலையின் வாய் இருப்பதாகச் சாயாஜீ கையைக் காட்டினார். வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையைப் பார்த்து மற்றவர்கள் ஆகா என்றார்கள். சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தோம். கல்லின் பொட்டலத்தைப் பிரித்து அதன் முன்னால் வைத்தார் வங்கி அம்மாள். சிறிது நேரம் கழித்து அதை மாப்பிள்ளை சாப்பிட்டார். அங்கேதான் சாயாஜீ என்னிடம் தோற்றுப்போனார். களைத்திருந்தார், மூச்சு வாங்கியது, இரண்டு விசிலிலும் தண்ணீர் இறங்கியிருந்தது. "சரி, டாலி சாயா. இனிமே எண்ணிக்கை உங்க பொறுப்பு. நீங்க சொல்றதுதான் கணக்கு" என்றார். எட்டுப் பேர் முன்னிலையில் சொன்னார். மலையேற்றத்தால் எனக்குக் கிடைத்த இன்பம் என்றால் அந்த ஒரு நிமிடம்தான். அதை மறைத்து என்ன பயன்?

இறங்கும்போது மழை வலுத்தது. பாதி வழியில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் மாப்பிள்ளை நின்றுவிட்டார். அவருடைய வேர் அந்தப் பக்கம்தான் இருக்கிறதாம். மூங்கில் புதரைத் தாண்டினால் வந்துவிடுமாம். டிரைவர் காட்டிய மூன்று திசையில் அது எந்தத் திசை என்று கேட்டேன்.

"கோவப்படாதீங்க மச்சான். நீங்க போய்க்கிட்டே இருங்க, நான் பின்னாலயே வாறேன். அஞ்சு நிமிசம்."

என் சட்டைப் பையில் மிட்டாய்ப் பொட்டலம் இருந்தது. பத்தில் நான்கைக் கொடுத்திருந்தேன். மீதியையும் அவர் கையில் கொடுத்திருக்கலாம். எனக்கு முழங்கால் வலி. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. இருபதாவது வைத்தியத்துக்காக மழையில் நிற்க எனக்குப் பொறுமை இல்லை. வாருங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கீழே வண்டியைச் சேர்ந்தபோது மணி ஐந்து பத்து. ஏழு மணிக்குக் கியாக்படாங் ஊரில் ரங்கூன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். ஒவ்வொருவராக வந்து பின்னால் தார்ப்பாய்க்குள் புகுந்தார்கள். நான் முன்னால் ஏறி, நடு இருக்கையில் நனைந்த பைகளை வைத்தேன். மாப்பிள்ளை பின்னால் ஏறியிருப்பார் என்று நினைத்தேன். பேச்சுக்கு ஆள் அங்கேதான் இருந்தது. பின்னால் இருந்தவர்கள், காலையில் வந்தது போலவே அவர் முன்னால் என்னோடு இருக்கிறார் என்று நினைத்தார்கள். மழைக்குள் இறங்கிப் போய்த் தலைகளை எண்ண எனக்கு மனம் வரவில்லை. சின்னக் கண்ணாடி ஜன்னலைத் திறந்து "ஒன்று" என்று கத்தினேன். தார்ப்பாய்க்குள்ளிருந்து இரண்டு, மூன்று என்று வந்தது. எட்டு. பிறகு கொஞ்சம் மெல்லிய குரலில் ஒன்பது.

"சரியா இருக்கா, டாலி சாயா?" என்று உள்ளேயிருந்து சாயாஜீ கேட்டார்.

"ஒன்பது. சரியா இருக்கு. கிளம்பு" என்றேன்.

யாரும் மறுக்கவில்லை. காலை முதல் ஒன்பது, ஒன்பது என்று நான் கத்தியது எல்லோர் காதிலும் இருந்தது. அவர்கள் வழக்கப்படி பத்து வரவேண்டும் என்று நானும் நம்பியிருந்தால், ஒன்பதோடு நின்ற அந்த நொடியே வண்டியிலிருந்து குதித்திருப்பேன். அல்லது என் வழக்கப்படி தலைகளை எண்ணியிருந்தால் எட்டு என்று தெரிந்திருக்கும். இரண்டையும் செய்யவில்லை. கல்லைச் சேர்த்து அவர்கள் எண்ணினார்கள். கல்லைத் தள்ளி நான் விடை எதிர்பார்த்தேன். அன்று ஒழுங்காக எண்ணியவர் வங்கி அம்மாள் ஒருவர்தான். ஒப்புக்கொண்டபடி, கடைசிவரை, தன் பையில் இருந்த ஆளுக்கும் சேர்த்து எண்ணினார்.

முக்கால் மணி நேரம் கழித்துப் பஸ் நிலையத்தில் பைகளை இறக்கும்போது மருந்துக் கடைக்காரர், "உங்க மச்சான் எங்கே, இன்னும் வண்டியில தூங்குறாரா?" என்றார். அந்த வாக்கியத்துக்குப் பிறகு நடந்ததை விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை. அதே வண்டியைத் திருப்பினோம். அடிவாரக் கிராமத்தில் ஐந்து பேரை டார்ச்சோடு அழைத்துக்கொண்டோம். சாயாஜீயின் விசில் அன்று முதல் தடவையாக ஒரு காரியத்துக்கு உதவியது; அவர் குரல் போகும்வரை கூப்பிட்டு, பிறகு விசிலை ஊதி, அது அடைத்ததும் இரண்டாவது விசிலை ஊதினார். என்னைக் கீழேயே உட்காரச் சொன்னார்கள். வங்கி அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். "நான்தானே ஒன்பதுன்னு சொன்னேன், நான்தானே சொன்னேன்" என்றார். இல்லை அம்மா, நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐயோ, இவள் வேறு என்று தோன்றியதுதான் உண்மை.

மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்கு அவரைத் தூக்கி வந்தார்கள். பாதையிலிருந்து இருநூறு அடி தள்ளி ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருந்தாராம். வெட்டிய மூங்கில் கட்டை செருப்பைத் துளைத்து இடது காலில் ஏறியிருந்தது. உதடு வெளுத்து, பேச்சுக் குழறியது. நான் மிட்டாயைப் பிரித்து வாயில் வைத்தேன். ஆறையும் வைத்தேன். சிறிது தெளிந்து என்னைப் பார்த்ததும், "விசில் சத்தம் கேட்டுச்சு மச்சான், பதில் குடுக்கத்தான் முடியல" என்றார். பிறகு மடியை அவிழ்த்துக் காட்டினார். வேர். ரங்கூனுக்கு வந்ததும் அதை மருந்துக் கடைக்காரரிடம் காட்டினேன். காட்டு இஞ்சி என்றார்.

கழகத்தார் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் சிரிப்பு வரும். ஒன்பது பேராகப் போனதால் வந்த வினை என்று ஒரு கட்சி. கல்லை அவமதித்ததால் வந்தது என்று இன்னொரு கட்சி. கல்லைக் கூட்டிப் போனதால்தான் ஆள் உயிரோடு கிடைத்தார் என்றது மூன்றாவது. மூன்று கட்சியும் கூடி டீ குடித்து, அடுத்த மலைக்குத் தேதி குறித்தன. என்னைக் கேட்டார்கள். போகவில்லை. எண்ணத் தெரியாதவர்கள் என்று அதுவரை அவர்களை ஏளனம் செய்துகொண்டிருந்தேன். அதன் பிறகு அந்த ஏளனத்துக்கு உரிய ஆள் வரிசையில் எங்கே நிற்கிறான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் அவர்கள் மேல் இருந்த ஏளனம் ஒரு குன்றிமணி அளவும் குறைந்துவிடவில்லை. கூட ஒருவன் சேர்ந்தான், அவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து மூன்றாவதையும் எடுத்தார்கள். அதற்குமேல் போகாமல் நின்றது. என் காலஞ்சென்ற மனைவியின் வளையல்கள் இரண்டும் ஆஸ்பத்திரிக்குப் போயின. தங்கை வாங்கிக்கொண்டாள். திட்டியிருக்கலாம். வீட்டுக்குப் போனால் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள், உட்காருங்க என்பாள். அதுவரை என்னை நீ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். மூன்று விரல் இல்லாத காலுக்குக் கடைச் செருப்பு நிற்காது என்று, முன்பக்கம் பஞ்சு வைத்துத் தைக்கும் ஒருவரைப் பிடித்து வருடத்துக்கு ஒரு ஜோடி செய்து கொடுத்தேன். பதினொரு ஜோடி. மாப்பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு மேசைக்கு மேசை விந்தி விந்திப் போய், புதிதாக வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டுவார். "துறைமுகத்துல முப்பத்தொரு வருசம் மூட்டை எண்ணுனவரு எங்க மச்சான். ஒண்ணு குறைஞ்சாலும் கண்டுபிடிச்சிருவாரு. நான் மூட்டையா இல்லாமப் போயிட்டேன்!" கடையே சிரிக்கும். நான் ஆடுகிற முக்காலியில் உட்கார்ந்து டீயைக் குடிப்பேன். ஞாயிறு தவறாமல் போனேன். அவர் ஒருநாளும் அதைக் குத்தலாகச் சொன்னதில்லை. சொல்லத் தெரியாது அவருக்கு. ஆனால் அடுப்படியில் தங்கையின் கரண்டிச் சத்தம் அந்த நேரத்தில் நின்றுவிடும்.

2008 பிப்ரவரியில் சிறுநீரகம் கெட்டு அவர் போய்ச் சேர்ந்தார். காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதையே சொன்னார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, தங்கை என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கடையை விற்கப் போவதாகவும், பாதி முன்பணம் வந்துவிட்டதாகவும் சொன்னாள்.

"அண்ணே, அந்த மலைக்குப் போய் வந்ததுல உங்களுக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சு? சொல்லுங்க, குடுத்துடுறேன். அவரு பேருல ஒண்ணும் நிக்க வேணாம்."

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நினைவில்லை என்றாவது சொல்லியிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அந்த மருந்துக் கடைக்காரர்கூடச் சொல்லியிருப்பார். அவள் கேட்டு முடித்த மூச்சுக்குள், நோட்டைப் பார்க்காமல், விரல் மடக்காமல், பதினொரு வருடமாக நாக்கின் நுனியில் வைத்திருந்தவன் போலச் சொன்னேன். திரும்பிப் போன வண்டி, டார்ச்சோடு வந்த ஐந்து பேர், ஆஸ்பத்திரி, மருந்து, பதினொரு ஜோடி செருப்பு எல்லாம் சேர்த்து, இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூற்று ஐம்பது கியாட்.